சைக்கிளின் முதுகில் ஒரு ரேடார்: யாருக்காக, யார் செலவில்?

சைக்கிள் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் ஆபத்துகள் அனேகமாக எல்லாமே கண்ணுக்குத் தெரியும். பள்ளம் தெரியும். குறுக்கே ஓடி வரும் நாய் தெரியும். ஓரமாக நிறுத்தியிருக்கும் காரின் கதவு திறக்கப்போகிறதா என்பதைக்கூடக் கொஞ்சம் பழகியவர்கள் ஊகித்துவிடுவார்கள். பின்னால் இருந்து வருவதுதான் பிரச்சினை. மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி உண்டு. பெரும்பாலான சைக்கிள்களுக்கு அது கிடையாது. தலையைத் திருப்பிப் பார்த்தால் வண்டியும் அந்தப் பக்கமே கொஞ்சம் இழுக்கும். காதை நம்பலாம் என்றால், வேகமாக மிதிக்கும்போது காதில் அடிக்கும் காற்றின் சத்தமே பெரிதாக இருக்கிறது. இப்போது மின்சாரக் கார்கள் வேறு வந்துவிட்டன. பக்கத்தில் வரும் வரை அவை வருவதே தெரிவதில்லை.

பயம் வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் சைக்கிள் ஓட்டுநர் அமைப்பான 'லீக் ஆஃப் அமெரிக்கன் பைசைக்கிளிஸ்ட்ஸ்' 2014ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. மோட்டார் வாகனம் மோதி இறந்த சைக்கிள்காரர்களைப் பற்றிய தகவல்களை ஒவ்வொன்றாகச் சேகரித்துப் பார்த்ததில், எப்படி மோதியது என்று தெரிந்த மரணங்களில் சுமார் 40 சதவீதம் பின்னாலிருந்து மோதியவை. சின்னச் சின்ன மோதல்கள் சாலைச் சந்திப்புகளில்தான் அதிகம். ஆனால் உயிர் போகும் மோதல் என்று வந்தால் முதுகுப் பக்கம்தான் முக்கியமாகிறது. நேர்ச் சாலையில், முழு வேகத்தில் வரும் வண்டி அது.

இதற்கு மருந்தாகத்தான் ரேடாரும் கேமராவும் சேர்ந்த பின்விளக்குகள் வந்திருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் மாட்டிக்கொள்ளலாம். மாட்டியவர்கள் இனி இது இல்லாமல் சாலையில் இறங்கவே மாட்டோம் என்கிறார்கள். மாட்டாதவர்கள் இது காசு இருப்பவர்களின் விளையாட்டுச் சாமான் என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தப் பெட்டியில் இருக்கும் மூன்று கருவிகளும் மூன்று வேறு வேறு ஆட்களிடம் பேசுகின்றன. ரேடார் சைக்கிள்காரரிடம் பேசுகிறது. விளக்கு பின்னால் வரும் ஓட்டுநரிடம் பேசுகிறது. கேமரா போலீசிடமும் நீதிமன்றத்திடமும் பேசுகிறது. கேட்பவர் கேட்டால்தான் பயன்.

வந்த கதை

ரேடார் பின்விளக்கின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. ஐகுபு என்ற சிறிய நிறுவனம் 2014ல் 'பேக்டிராக்கர்' என்ற பெயரில் இதை அறிவித்து, இணையத்தில் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டப் பார்த்தது. 2015 ஜனவரியில் ஜி.பி.எஸ். கருவிகளுக்குப் பெயர்போன கார்மின் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அதே ஆண்டில் 'வேரியா' என்ற பெயரில் முதல் சைக்கிள் ரேடார் கடைக்கு வந்தது. 2020ல் வந்த ஆர்.டி.எல். 515 நன்றாக விற்றது. 2022 மே மாதத்தில் அதோடு கேமராவும் சேர்த்து ஆர்.சி.டி. 715 வந்தது. முன்னது வந்தபோது விலை 200 டாலர், பின்னது 400 டாலர். பிறகு பிரைட்டன், மஜீன், டிரெக், வஹூ என்று மற்றவர்களும் ரேடாரோடு வந்து சேர்ந்தார்கள்.

கேமரா வந்த வழி வேறு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ஓடும் காரிலிருந்து யாரோ கவணால் அடித்ததில் காயம்பட்டார் ஒரு சைக்கிள்காரர். அடித்தவரைக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் சைக்ளிக் நிறுவனத்தின் 'ஃப்ளை 6'. பின்விளக்கும் கேமராவும் ஒரே பெட்டியில். 2014ல் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பணம் திரட்டி வெளியிட்டார்கள்.

இந்த இரண்டு கதைகளிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. ரேடார், விபத்து நடப்பதற்கு முன்னால் எச்சரிக்க வந்தது. கேமரா, நடந்த பிறகு சாட்சி சொல்ல வந்தது. ஒரே பெட்டிக்குள் போட்டு விற்பதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாக ஒரு மயக்கம் வந்துவிடுகிறது.

ரேடார் என்ன செய்கிறது?

ரயில் ஹாரன் அடித்தபடி நெருங்கும்போது சத்தம் கூர்மையாகவும், தாண்டிப் போனதும் மொத்தமாகவும் கேட்கும். 1842ல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவு. ரேடாருக்கும் இதே விதிதான், ஒலிக்குப் பதில் ரேடியோ அலை, அவ்வளவே. சைக்கிள் ரேடாரில் பரவலாகப் பயன்படுவது 24 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசை. அதாவது விநாடிக்கு 2,400 கோடி அதிர்வுகள். ஓர் அலையின் நீளம் சுமார் 12.5 மி.மீ. பின்னால் வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் கூடியிருக்கும். சைக்கிள் 25 கி.மீ. வேகத்திலும் கார் 100 கி.மீ. வேகத்திலும் போகிறது என்று வையுங்கள். நெருங்கும் வேகம் மணிக்கு 75 கி.மீ. அந்த 2,400 கோடியில் கூடுவது சுமார் 3,300தான். இந்தச் சின்ன வித்தியாசத்தை அளந்து வேகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி இன்றைக்குச் சோப்புக்கட்டி அளவில் வந்துவிட்டது என்பது நிஜமாகவே ஆச்சரியம்தான்.

வேரியா ஆர்.டி.எல். 515 ரேடார் அதிகபட்சம் 140 மீட்டர் தூரம் வரை பார்க்கும் என்கிறது கார்மின். மேலே சொன்ன கணக்கில் அந்த 140 மீட்டரைக் கார் தாண்ட சுமார் 6.7 விநாடி ஆகும். கார் 60லும் சைக்கிள் 20லும் போனால் 12.6 விநாடி. ஹேண்டில்பாரில் இருக்கும் திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி தோன்றி மேலே ஏறி வரும். பீப் என்று சத்தம் வரும். வண்டி மிக வேகமாக நெருங்கினால் நிறம் சிவப்பாகும். பின்விளக்கின் மினுக்கும் மாறி, ஓட்டுநரின் கண்ணை இழுக்கப் பார்க்கும்.

ஆக, கையில் கிடைப்பது ஏழு முதல் பன்னிரண்டு விநாடி. அதை வைத்து என்ன செய்யலாம்?

சில நல்ல காரியங்கள் செய்யலாம். பள்ளத்தைத் தவிர்க்க நடுச்சாலைக்கு வளைய நினைத்தவர், வேண்டாம், வண்டி போகட்டும் என்று நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு பேர் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் போகிறார்கள் என்றால் ஒருவர் பின்னால் ஒருவராகலாம். வலப்பக்கமோ இடப்பக்கமோ திரும்பப்போகிறவர் இன்னொரு முறை தலையைத் திருப்பிப் பார்க்கலாம். காது கேளாதவர்களுக்கு இது பெரிய உதவி என்பதில் சந்தேகமே இல்லை. காது செய்யவேண்டிய வேலையைத் திரை செய்துவிடுகிறது. போக்குவரத்து குறைந்த கிராமப்புறச் சாலைகளில், பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் இடங்களில், இந்தக் கருவி சொல்லும் ஒவ்வொரு பீப்பும் ஒரு செய்தி.

நகரத்துக்குள் வந்தால் கதை மாறுகிறது. பின்னால் எப்போதும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பீப் ஓயாது. ஓயாத எச்சரிக்கையை மனித மூளை ஒரு வாரத்தில் கேட்பதை நிறுத்திவிடும். அடுத்த குறை டாப்ளர் விதியிலேயே இருக்கிறது. பின்னால் வரும் கார் வேகத்தைக் குறைத்து, சைக்கிளின் அதே வேகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் நெருங்கும் வேகம் பூஜ்யம். அப்போது அந்த வண்டி திரையிலிருந்து மறைந்துபோக வாய்ப்புண்டு. திரை வெறுமையாக இருக்கும், முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டிருக்கும்! "பீப் வரவில்லை, அதனால் பின்னால் யாரும் இல்லை" என்று பழகிவிட்டவருக்கு இது ஆபத்தான பாடம். திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை எந்த ரேடாரும் ஓய்வுக்கு அனுப்ப முடியாது.

மூன்றாவது குறைதான் பெரியது. ஏதோ வருகிறது, இவ்வளவு வேகத்தில் வருகிறது என்று ரேடார் சொல்லும். அது ஒன்றரை மீட்டர் விலகிப் போகுமா, ஒரு முழம் கூட விடாமல் உரசிப் போகுமா என்று சொல்லாது. சொல்லவும் முடியாது, அது அந்த ஓட்டுநரின் கையில் இருக்கிறது. அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று எந்த அலையும் திரும்பி வந்து சொல்லப்போவதில்லை. சிவப்புப் புள்ளி ஏறி வருவதைப் பார்த்ததும் சாலையை விட்டு இறங்கிவிடலாம் என்றால், இறங்க இடம் வேண்டும். கல்சுவரும் முள்வேலியும் நெருக்கும் குறுகலான சாலையில் எங்கே இறங்குவது? ரேடார் எச்சரிக்கையைக் கொடுக்கும். ஒதுங்க இடத்தைச் சாலைதான் கொடுக்க வேண்டும்.

விளக்கு: மலிவானது, நிரூபிக்கப்பட்டது

இந்தப் பெட்டியில் சத்தமில்லாமல் அதிக வேலை செய்வது அதிலிருக்கும் சாதாரண சிவப்பு விளக்குதான். டென்மார்க்கின் ஓடன்ஸ நகரில் 2004-05ல் ஒரு பெரிய சோதனை நடந்தது. 3,845 சைக்கிள்காரர்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினரின் சைக்கிளில் இரவு பகல் எந்நேரமும் எரியும் விளக்கு. சக்கரக் கம்பியில் மாட்டிய காந்தத்தால் எரியும் வகை. பேட்டரி கிடையாது, சுவிட்ச் கிடையாது, மறந்துபோகவும் வழி கிடையாது. மற்றவர்கள் வழக்கம்போல் ஓட்டினார்கள். விளக்கு எரிந்தவர்களிடம் காயம் ஏற்படுத்திய விபத்துகள் 19 சதவீதம் குறைவு என்று 2013ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொன்னது. விபத்துகளை அவரவரே இணையத்தில் தெரிவித்தார்கள், தன்னிடம் விளக்கு இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும் என்பதால் இந்த எண்ணை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் திசை தெளிவாகவே இருக்கிறது. பகலிலும் விளக்கு எரியட்டும்.

இதைவிட மலிவான சமாச்சாரமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வுகள், இரவில் ஒளியைத் திருப்பும் பட்டையைக் கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டிக்கொண்டால் ஓட்டுநர்கள் மிக எளிதாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று காட்டியிருக்கின்றன. காரணம் சுலபம். மேலும் கீழும் போய்வரும் இரண்டு கால்களைப் பார்த்ததும், "இது மனுஷன்" என்று மூளை உடனே சொல்லிவிடுகிறது. அசையாத ஒரு சிவப்புப் பொட்டு எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். ரேடாரின் விலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே இந்தப் பட்டைகளை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

விளக்கிலும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பிரிட்டனில் மினுக்கும் விளக்கு 2005லிருந்து செல்லும். ஜெர்மனியில் சைக்கிளில் மினுக்கும் பின்விளக்குக்கு அனுமதி இல்லை. அதனால் அங்கே மினுக்காத ரேடார் விளக்கைத்தான் கார்மின் விற்கிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேமராவைப் பார்த்தால் ஓட்டுநர் மாறுகிறாரா?

இந்தக் கேள்விக்கு ஒரு சுவாரசியமான பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இருந்த போக்குவரத்து உளவியலாளர் இயன் வாக்கர் 2000களின் நடுவில், தன் சைக்கிளில் தூரத்தை அளக்கும் கருவியை மாட்டிக்கொண்டு, கார்கள் எவ்வளவு நெருக்கமாக முந்துகின்றன என்று அளந்தவர். அந்தச் சோதனைக்காலத்தில் அவர் மேலேயே இரண்டு முறை வாகனம் மோதியது. 2014ல் அவரும் சகாக்களும் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். இந்த முறை உடை மாற்றம். சாதாரண உடை, பந்தய வீரர் உடை, பளிச்சென்ற மஞ்சள் உடை, கற்றுக்குட்டி என்று எழுதிய மேலங்கி என்று ஏழு வகை. 5,690 முறை முந்திச் சென்ற வண்டிகளின் தூரத்தை அளந்தார்கள்.

முடிவு என்ன? ஏழில் ஒன்றே ஒன்றுதான் ஓட்டுநர்களைக் கொஞ்சம் விலகிப் போகவைத்தது. போலீஸ் என்ற சொல்லும், கேமரா பதிவாகிறது என்ற எச்சரிக்கையும் எழுதிய மேலங்கி. பளிச்சிடும் மஞ்சள் உடைகூட வித்தியாசம் எதுவும் செய்யவில்லை. இன்னொன்றையும் அந்த ஆய்வு சொன்னது. என்ன உடை போட்டாலும் நூற்றில் ஒன்றிரண்டு ஓட்டுநர்கள் அரை மீட்டருக்கும் குறைவாக உரசிக்கொண்டுதான் போனார்கள்.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால், கேமரா விளக்கின் முழுக் கதையும் கிடைத்துவிடுகிறது. கண்ணில் பட்டும் விலகாத ஓட்டுநரைக் கொஞ்சமாவது விலகவைப்பது மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அந்த பயம் கேமராவிலிருந்து வருவதில்லை, போலீசிடமிருந்து வருகிறது. கேமரா பதிவை வாங்கிப் பார்த்து நடவடிக்கை எடுக்க ஒருவர் இருக்கிறார் என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. மத்திய இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீசார் 2016ல் 'ஆபரேஷன் க்ளோஸ் பாஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் போவார். உரசுகிற மாதிரி முந்துகிற காரைப் பற்றி முன்னால் நிற்கும் சகாவுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வார். அவர் காரை நிறுத்தி, எவ்வளவு இடம் விடவேண்டும் என்று தரையில் விரித்த பாயைக் காட்டிப் பாடம் எடுப்பார். மோசமாக ஓட்டியவர் மீது வழக்கு. அதே ஆண்டில் வடக்கு வேல்ஸில் 'ஆபரேஷன் ஸ்னாப்' தொடங்கியது. பொதுமக்கள் எடுத்த வீடியோவை இணையத்தில் நேரடியாகப் போலீசுக்கு அனுப்பலாம். பிறகு அது வேல்ஸ் முழுவதும் பரவியது. 2022 ஜனவரி 29 முதல் பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிப்புத்தகமும், 30 மைல் வேகம் வரை சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடம் விடச் சொல்கிறது. வேகம் கூடினால் இடமும் கூடவேண்டும். அளவுகோல் இருக்கிறது, பதிவு இருக்கிறது, வாங்கிப் பார்க்க ஆள் இருக்கிறது. அங்கே கேமரா விளக்கு 400 டாலருக்குப் பெறுமானம் உள்ள பொருள்.

அங்கேயும் கடிவாளங்கள் உண்டு. வாகன உரிமையாளருக்குப் போலீசின் அறிவிப்பு 14 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆகவே வீடியோவை மெதுவாக அடுத்த மாதம் அனுப்பிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. ராத்திரியில் முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளையாகக் கரைந்துவிடுவதும் உண்டு. நம்பர் தெரியாத வீடியோ, பார்ப்பவருக்குக் கோபத்தை மட்டும்தான் கொடுக்கும்.

ஜெர்மனியில் சிக்கல் வேறு மாதிரி. தெருவில் போகிற எல்லோரையும் ஓயாமல் படம் பிடிப்பது தனிமனித உரிமையை மீறுவதல்லவா என்று அங்கே கேட்கிறார்கள். அந்நாட்டின் உச்சபட்ச சிவில் நீதிமன்றம் 2018 மே மாதத்தில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. காரணமில்லாமல் தொடர்ந்து படம் பிடிப்பது தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம்; ஆனாலும் விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. பழைய பதிவைத் தானாக அழித்துக்கொண்டே போய், மோதல் நடந்தால் மட்டும் அந்தப் பகுதியைச் சேமிக்கும் கேமராக்கள் இந்தக் கவலைக்கு ஓரளவு பதில். தெருவில் போகும் பெண்களும் குழந்தைகளும் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் வருஷக்கணக்காகச் சேர்ந்துகிடக்க எந்த நியாயமும் இல்லை.

பல வருஷங்களுக்கு முந்தைய சண்டை

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதைக்குப் போகவேண்டும். சைக்கிளுக்குப் பின்விளக்கு வேண்டுமா என்று இன்று யாரும் கேட்பதில்லை. ஆனால் 1920களிலும் 30களிலும் பிரிட்டனில் இது பெரிய சண்டை. பின்விளக்கைக் கட்டாயமாக்கக் கூடாது என்று எதிர்த்தவர்கள் கார்காரர்கள் இல்லை, சைக்கிள்காரர்களேதான்! 1878ல் தொடங்கிய அவர்களுடைய பழம்பெரும் சங்கமான சி.டி.சி. முன்னால் நின்று எதிர்த்தது.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். அவர்கள் வாதம் சிரிப்பானதில்லை. பின்னால் வருகிறவர் தன் முகப்பு விளக்கு காட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்தும் வேகத்தில்தான் வரவேண்டும். முன்னால் இருப்பதைப் பார்ப்பது அவருடைய கடமை. பின்விளக்கைச் சட்டமாக்கினால் அந்தக் கடமை மெல்ல அடிபடுகிறவரின் தலைக்கு மாறிவிடும் என்றார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தது. 1939ல் இருட்டடிப்பு. தெருவிளக்கும் இல்லை, காரின் முகப்பு விளக்குக்கும் மூடி. அந்த இருட்டில் பின்விளக்கு கட்டாயமானது. போர் முடிந்த 1945ல் அதற்கென்றே நிரந்தரச் சட்டமும் வந்துவிட்டது.

பின்விளக்கு பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். அதில் அந்தப் பழைய சங்கத்தார் தோற்றதே நல்லது. ஆனால் அவர்கள் பயந்ததும் நடந்துவிட்டது. ஒரு சைக்கிள்காரர் இரவில் அடிபட்டார் என்று செய்தி வந்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கிறது? "விளக்கு இருந்ததா?" என்பதுதான். "கார் என்ன வேகத்தில் வந்தது?" என்பது பிறகு. தமிழ்நாட்டிலும் விளக்கில்லாத சைக்கிளின் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட போலீஸ்காரர் கதை, ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் கிடைக்கும். வேகமாக வந்த லாரியின் டயரில் காற்றைப் பிடுங்கிய கதை கிடைக்காது.

ஹெல்மெட்டிலும் இதேதான் நடந்தது. 2009ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில், ஹெல்மெட் போடச் சட்டக் கட்டாயம் இல்லாவிட்டாலும், போடாத சைக்கிள்காரர் தன் காயத்துக்குத் தானும் ஒரு காரணம் என்று சொல்ல இடமுண்டு என்று நீதிபதி கருத்துச் சொன்னார். அந்த வழக்கில் ஹெல்மெட் இருந்திருந்தாலும் பலனில்லை என்பதால் நஷ்டஈடு குறையவில்லை. ஆனால் கதவு திறந்துவிட்டது. இந்த வரிசையில் நாளைக்கு ரேடாரும் வந்து நிற்காது என்று என்ன நிச்சயம்? "கடையில் கிடைக்கிற கருவிதானே, ஏன் மாட்டவில்லை?" என்று அடிபட்டவரைக் கேட்கும் காப்பீட்டு நிறுவன வக்கீலைக் கற்பனை செய்வது கஷ்டமே இல்லை.

200 டாலர், 400 டாலர் கொடுத்துச் சைக்கிளுக்கு விளக்கு வாங்குவது யார்? விடுமுறையில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர். அதிகாலையில் வேலைக்குப் போகிற துப்புரவுத் தொழிலாளியோ, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிற ஓட்டல் தொழிலாளியோ இல்லை. அவருடைய சைக்கிளின் விலையே அவ்வளவு வராது. பாதுகாப்பு என்பது வாங்குகிற சாமான் ஆகிவிட்டால், வாங்க முடியாதவர் அடிபடும்போது அது அவருடைய தப்பாகிவிடும்.

அப்படியானால் வாங்க வேண்டாமா?

"உயிருக்கு விலை பேசுவதா? ஒரே ஒரு விபத்தைத் தடுத்தால் போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கையில் பணம் இருக்கிறது, ஓட்டுவது வேகமான வண்டிகள் போகும் நெடுஞ்சாலை ஓரம் என்றால் தாராளமாக வாங்கலாம். சாலை திருந்தும் வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்கும் வரிசை முக்கியம். முதலில் பகலிலும் எரியும் நல்ல சிவப்பு விளக்கும், கால்களுக்கு ஒளிப்பட்டையும். அடுத்து, ஓட்டுகிற ஊரில் போலீஸ் வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்றால் கேமரா. ரேடார் கடைசி, போக்குவரத்து குறைந்த, ஒதுங்க இடமுள்ள சாலைகளில் ஓட்டுகிறவருக்கும், காது சரியாகக் கேட்காதவருக்கும் மட்டும் அது முன்வரிசைக்கு வரலாம்.

இந்த வரிசையைத் தாண்டி இன்னொரு பதிலும் இருக்கிறது. நெதர்லாந்தில் 1971ல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் மட்டும் 400க்கும் மேல். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலைகளை நிறுத்து' என்பதுதான் அவர்களுடைய இயக்கத்தின் பெயரே. குழந்தைகளின் முதுகில் என்ன கருவியை மாட்டலாம் என்று அவர்கள் கேட்கவில்லை. தெருக்களை மாற்றச் சொன்னார்கள். பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, அரசாங்கம் மெல்ல மெல்லத் தனிச் சைக்கிள் பாதைகளைப் போடத் தொடங்கியது. இன்று அங்கே பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஹெல்மெட்கூட இல்லாமல் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நூறு கி.மீ. வேகத்தில் கார் வரும் பாதையில் அவர்களை விட்டு வைக்காததால், அந்தக் காரைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ரேடார் தேவைப்படவில்லை.

எல்லா ஊரும் நாளைக்கே நெதர்லாந்து ஆகிவிடாது. அதுவரை விளக்கு எரியட்டும், கேமரா ஓடட்டும், வேண்டியவர்கள் ரேடாரும் மாட்டிக்கொள்ளட்டும். ஆனால் இதில் எதையும் சைக்கிள்காரரின் சட்டக் கடமையாக்கும் பேச்சு எழுந்தால், அதே சட்டத்தில் முதல் பிரிவாக இன்னொன்றைக் கேட்க வேண்டும். 140 மீட்டர் தொலைவில் வரும் காரைச் சைக்கிளில் இருக்கும் சின்னப் பெட்டி கண்டுபிடிக்கிறது என்றால், 140 மீட்டர் முன்னால் போகும் சைக்கிளைக் காரும் கண்டுபிடிக்கலாம். காரில் அதற்கு இடம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, தானாகப் பிரேக் போடும் வசதியும் புதிய கார்களில் வந்துகொண்டிருக்கிறது. யாருடைய வண்டி ஆளைக் கொல்லும் எடையில் இருக்கிறதோ, அவருடைய வண்டியில் முதலில் ரேடார் இருக்கட்டும்.